ஆலைக்காரன் போட்டுக்கொண்ட பெயர்

என் அண்ணன் பியோ டோங்வான் சண்டையில் செத்து ஐம்பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவன் பெயர் மட்டும் சாகவில்லை. அது எங்கள் ஊர் நெல் ஆலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. மூன்று வேளையும் சாப்பிடுகிறது, மத்தியானம் குறட்டை விடுகிறது, சாயங்காலம் ஒரு கிண்ணம் அரிசிக் கள் குடித்துவிட்டுப் பழைய பாட்டு முணுமுணுக்கிறது. எண்பது வயதாகிவிட்டது அதற்கு. கேட்டால் சிரிப்பு வரும். எனக்கு வயிறு எரிகிறது.

அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு திரிகிறவனை நான் ஆலைக்காரன் என்றுதான் சொல்வேன். அண்ணன் பெயரால் அவனைக் குறிப்பிட என் வாய் வராது. அவனுடைய சொந்தப் பெயர் மா கியூசிக். அவனுடைய அப்பாதான் அந்தக் காலத்தில் எங்கள் ஊர் தொல்மோரியில் ஆலைக்கும் பாதி வயலுக்கும் சொந்தக்காரர். அந்த வயலைத்தான் என் அப்பா குத்தகைக்கு உழுதார்.

சண்டை வந்த வருஷம் குளிர்காலத்தில் கியூசிக்கைப் படைக்கு வரச்சொல்லி ஆணை வந்தது. அன்று சாயங்காலம் ஆலை முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்னால் எங்கள் வாசலை அவர் மிதித்ததே இல்லை. என் அண்ணனுக்கு ஆணை வர இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அவன் கியூசிக் பெயரில் போய்வரட்டும், சண்டை வெயில் வருவதற்குள் முடிந்துவிடும், வந்ததும் அவனவன் பெயர் அவனவனுக்கு, ஆற்று வளைவு வயல் உங்களுக்கு என்று பேசினார். அப்பா தலையாட்டினார். குத்தகைக்காரன் தலை வேறு எப்படி ஆடும். அம்மா அடுப்படியில் இருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குப் பத்து வயது. புறப்பட்ட காலையில் அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளி, ஆலை வீட்டுப் பிள்ளை மாதிரி முற்றத்தில் நடந்து காட்டினான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

மறு இலையுதிர் காலத்தில், கிழக்கே ஏதோ ஒரு மலைமுகட்டில் அவன் செத்தான். செய்தி ஆலை வீட்டுக்கு வந்தது. மா கியூசிக் வீரமரணம் என்று. அசல் கியூசிக்கோ பூசானில் அத்தை வீட்டுக் கயிற்றுக் கடையில் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். ஆலை வீட்டார் துக்கத்துக்குச் சணல் துணி கட்டிக்கொண்டு தெருவுக்குக் கேட்கும்படி அழுதார்கள். எங்கள் வீட்டில் அழக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அம்மா கிம்ச்சி ஊறுகாய் ஜாடிக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதாள். பிறகு ஆலை வீட்டு வாசலில், தேசத்துக்கு உயிர் கொடுத்தவர் வீடு என்று பித்தளைத் தகடு ஏறியது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், அவருடைய மேல்சட்டையை எடுத்துக்கொண்டு யாராவது கூரைமேல் ஏறவேண்டும். வடக்கே பார்த்து நின்று, பெயரைச் சொல்லி, திரும்பி வா என்று மூன்று தரம் கூப்பிடவேண்டும். அப்படிக் கூப்பிட்டால்தான் போன உயிருக்குத் தான் யார் வீட்டு மனிதன் என்று தெரியும். பிறகு போகவேண்டிய இடத்துக்கு நிம்மதியாகப் போகும். உயிரோடு இருக்கிறவன் பெயரை மறந்தும் அப்படிக் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் அவன் போய்விடுவான். அதனால் ஆலை வீட்டுக் கூரையில் ஒருவரும் ஏறவில்லை. கியூசிக் கயிற்றுக் கடையில் உயிரோடு இருந்தானே. அழுவதற்குப் பயமில்லை, கூப்பிடத்தான் பயம்.

சண்டை நின்ற பிறகு அவன் ஊருக்கு வந்தான். செத்தவன் எப்படித் தெருவில் நடமாடுவது? ஊராட்சி அலுவலகம் குண்டில் எரிந்து, பதிவுகளை எல்லாம் ஆள் வைத்துச் சாட்சி கேட்டுத் திரும்ப எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. என் அண்ணன் பெயர் சும்மாதானே கிடக்கிறது, சாவு எழுதாத பெயர். அதை எடுத்து இவனுக்குப் போட்டுவிட்டார்கள். இவன்தான் பியோ வீட்டு மூத்த பிள்ளை டோங்வான் என்று ஊரே நின்று சாட்சி சொன்னது. என் அப்பாவும் சொன்னார்.

அன்றைக்குத்தான் அம்மா அண்ணனுடைய பஞ்சு வைத்த சட்டையை எடுத்துக்கொண்டு கூரையேறினாள். ஆலை வீட்டம்மா செருப்பில்லாமல் ஓடிவந்து ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அந்தப் பெயர் தன் பிள்ளைமேல் இருக்கிறது, கூப்பிட்டால் அவன் போய்விடுவான் என்று மண்ணில் விழுந்து கதறினாள். அம்மா கூரைமேல் வெகுநேரம் நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு சட்டையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். என்னைப் போல இன்னொருத்தி எதற்கு என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். அவ்வளவு நல்லவளாக இருந்திருக்க வேண்டாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

சாகும்வரை அவளுக்கு அந்த ஒரே கவலைதான். பிள்ளையை எந்தப் பெயரிலும் யாரும் கூப்பிடவில்லை, போகவும் முடியாமல் வரவும் முடியாமல் அந்த மலையில் நிற்கிறானே என்று. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, என்றைக்காவது அவன் பெயரை நாலு பேர் கேட்க உரக்கச் சொல்லிக் கூப்பிட்டுவிடு என்றாள். சரி என்றேன். எனக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை எதுவும் பெரிதாக இருந்ததில்லை.

ஆலைக்காரன் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். அதுதான் சங்கடம். ஆற்று வளைவு வயல் சொன்னபடி எங்களுக்கு வந்தது. ஆனால் அதில் விளைந்த அரிசியை அம்மா வாயில் வைக்கவில்லை. அண்ணன் பெயரைத் திருப்பிக் கொடு என்று நான் கேட்கும்போதெல்லாம் அவன் தலையைக் குனிந்துகொண்டு, கொடுக்கிறேன் தங்கச்சி என்பான். தன் அப்பா கண்ணை மூடட்டும் என்றான். அப்பா கண்ணை மூடினார். தன் அம்மா போகட்டும் என்றான். அவளும் போனாள். மூத்தவள் கல்யாணம் ஆகட்டும், கடைசிப் பையன் வேலைக்குப் போகட்டும். அவன் சொன்ன காரியமெல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது, அது ஒன்றைத் தவிர.

என் அப்பா செத்தபோது காகிதப்படி அவன்தானே மூத்த பிள்ளை. சணல் உடுத்தி, மூங்கில் கோல் ஊன்றி, வந்தவர்களுக்கெல்லாம் தரையில் விழுந்து வணங்கினான். நன்றாகவே அழுதான். அந்தக் கோலைப் பிடுங்கி ஒன்று போடலாமா என்றிருந்தது எனக்கு. என் மகன் கிதே பிறந்தபோது தாய்மாமன் என்று அவனே சீர் எடுத்து வந்தான். கிதேயைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனவன் அவன். சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவன் அவன். கிதேயின் அப்பா நாற்பது வயதில் போன பிறகு, மாமா மாமா என்று பிள்ளை அவன் பின்னாலேயே அலைந்தான். இப்போது ஆலையை நடத்துவதும் கிதேதான். உண்மை என்ன என்று பதினைந்து வயதிலேயே நான் அவனிடம் சொல்லியிருக்கிறேன். தெரிந்துதான் மாமா என்று கூப்பிட்டான்.

பள்ளிக்கூட மைதானத்து ஓரத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஆலைக்காரனின் தம்பி மகன் நட்டது. சண்டையில் செத்த எங்கள் ஊர்க்காரர்கள் பெயரெல்லாம் வெட்டியிருக்கிறது. முதல் பெயர் மா கியூசிக். ஒவ்வொரு ஜூன் ஆறாம் தேதியும் காலையில் சங்கு ஊதும். நாடு முழுக்க நின்ற இடத்தில் நிற்கும். எங்கள் ஊரில் கல்லுக்கு முன்னால் நின்று பெயர்களை வாசிப்பார்கள். ஆலைக்காரனும் வருவான், முன்வரிசையில் தலையைக் குனிந்து நிற்பான். தன் சாவுக்குத் தானே மௌனமாக நிற்கிற மனிதனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் வருஷா வருஷம் பார்க்கிறேன்.

இந்த வருஷம் பனி உருகிய சமயத்தில், எலும்பு தேடுகிற பிரிவிலிருந்து நாம் என்ற பெயருடைய ஒரு இளம் அதிகாரி என் வீட்டுக்கு வந்தார். மலைமுகட்டில் தோண்டியபோது ஒரு தாடை எலும்பும் கால் எலும்புகளும் கிடைத்தனவாம். பக்கத்தில் மா கியூசிக்கின் எண் பொறித்த தகடு. ஆனால் ரத்த உறவு பார்க்க ஆலைக்காரனின் தம்பி மகன் கொடுத்த எச்சிலோடு அந்த எலும்பு ஒத்துப்போகவில்லை. நான் போன வருஷம் சுகாதார நிலையத்தில் யாருக்கும் சொல்லாமல் கன்னத்துக்குள் பஞ்சு தடவிக் கொடுத்திருந்தேன். அதோடு ஒத்துப்போகிறது.

கிடைத்துவிட்டானா என்று மட்டும் நாலைந்து தடவை கேட்டேன் போலிருக்கிறது. அந்தப் பையன் பொறுமையாக ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றான். பிறகு நடந்ததை எல்லாம் அவனிடம் கொட்டினேன். அவன் கேட்டுக்கொண்டு, தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"நான் நம்பறேம்மா. ஆனா காகிதத்துல உங்க அண்ணன் ஆலையில உக்காந்திருக்காரு. உயிரோட இருக்கறவர் பேரைக் கல்லறையில வெட்ட முடியாது. நான் டோங்வான் இல்லைன்னு அவரே வாயால சொன்னாத்தான் உண்டு."

இத்தனை வருஷத்துக்கு அப்புறம் யாருக்கும் தண்டனை கிடையாது என்றும் சொன்னான். ஜூன் ஆறாம் தேதி பெட்டியை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து, கல்லுக்கு முன்னால் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு மரியாதை செய்த பிறகுதான் தேசியக் கல்லறைக்கு எடுத்துப் போவார்களாம். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா என்று கேட்டேன். ஆமாம்மா, ஒலிபெருக்கியில் என்றான்.

அப்போதே எழுந்து ஆலைக்குப் போனேன். ஆலைக்காரன் உமிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினான். எந்த எலும்பு கிடைத்தது என்று கேட்டான். தாடை என்றேன். அவன் தன் தாடையைத் தடவிக்கொண்டான். கண்ணீர் தானாக வழிந்தது. அந்த அழுகை பசப்பு இல்லை, எனக்குத் தெரியும். மனிதன் எதற்கு எப்படி அழுவான் என்று அறுபது வருஷம் பார்த்தால் தெரியாதா.

"நானே சொல்றேன் தங்கச்சி. இந்தப் பேரைச் சுமந்து சுமந்து தோள் போயிடுச்சு."

"பிள்ளைங்க கிட்ட என்ன சொல்லுவீங்க?"

"அப்பன் பேர் வேறன்னு சொல்லிக்கிறேன். செத்த பிறகு அவன் முகத்துல முழிக்கணும்ல நான்."

நான் நம்பிவிட்டேன். அவன் கிண்ணத்தில் என் கையாலேயே கள் ஊற்றிக் கொடுத்தேன். ஐம்பத்தேழு வருஷத்தில் முதல்முறையாக. வீட்டுக்கு வந்து வெள்ளைத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தேன். மறுநாள் குன்றேறி அம்மாவின் கல்லறை மேட்டுப் புல்லைப் பிடுங்கிவிட்டு, உன் பிள்ளையைக் கூப்பிடப் போகிறார்கள், ஒலிபெருக்கியில் கூப்பிடப் போகிறார்கள் என்று சொன்னேன். அவசரக்குடுக்கை நான். நடப்பதற்கு முன்னால் அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கக்கூடாது.

விசாரணை ஊர்க்கூடத்தில் நடந்தது. சூடேற்றிய தரையில் கிழடுகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஆரஞ்சு கூடை. அதிகாரி பேச்சைப் பதிவு செய்கிற சாதனத்தை வைத்தார். ஆலைக்காரன் கோட்டு போட்டு, தலைக்கு மை பூசி வந்திருந்தான். கிதேதான் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்காரவைத்தான். ஆலைக்காரன் என் பக்கம் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தனை வருஷம் மறைத்தது தப்பு, இன்றைக்கு உண்மையைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தான். நான் தலையாட்டினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கியூசிக் ஆலை வீட்டுப் பிள்ளையே இல்லை. எங்க அம்மா பெத்த மூத்த பிள்ளை அவன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஆலை வீட்ல அப்போ குழந்தை இல்லை, எங்களுக்கோ சோத்துக்கு வழியில்லை. பிறந்த வாரமே எங்க அம்மா தூக்கிக் குடுத்துட்டா. அதான் ரத்தம் எங்க வீட்டு ரத்தமா இருக்கு."

எனக்கு முதலில் புரியவே இல்லை. யாருடைய அம்மா, யாருடைய அண்ணன் என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிப்பார்த்த பிறகுதான் விளங்கியது. எலும்பு எங்களுடையதாக இருக்கலாம், பெயர் அவனுடையதாகவே இருக்கட்டும் என்று ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். ஓட்டை இல்லாத கதை. பெட்டியில் மா கியூசிக். ஆலையில் பியோ டோங்வான். நடுவில் என் அம்மா, பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவள்.

பொய் என்றேன். உரக்கத்தான் சொன்னேன். அதிகாரி இதை வேறு யாருக்காவது தெரியுமா என்று சுற்றிலும் பார்த்தார். அப்போது கிதே எழுந்தான். என் மகன்.

"பாட்டி என்கிட்ட சொல்லியிருக்காங்க."

"எப்போடா சொன்னா?"

"நான் சின்னப் பையனா இருக்கும்போது."

என் முகத்தைப் பார்த்தே சொன்னான். கண்கூட அசையவில்லை. நான் மற்றவர்கள் பக்கம் திரும்பினேன். ஹேனாமிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் ஒருத்தி இருக்கிறாள், என் அம்மா ஏணியில் ஏறிய அன்று பக்கத்து வாசலில் நின்று பார்த்தவள். நீ பார்த்தாய் அல்லவா, சொல்லு என்றேன். அவள் ஒரு ஆரஞ்சை எடுத்துத் தோல் உரிக்க ஆரம்பித்தாள். உரித்து, சுளைகளைப் பிரித்து, நார் எல்லாம் எடுத்து, பக்கத்தில் இருந்தவளுக்குப் பாதி கொடுத்தாள். வீரர் வீடு இருக்கிற ஊர் என்று எங்கள் ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தக் கல்லைப் பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை வண்டி வண்டியாகப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு என்ன வந்தது.

அதிகாரி பாவம், விடவில்லை. ஆலைக்காரனும் கொஞ்சம் எச்சில் கொடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும், ஆனால் கட்டாயம் கிடையாது என்றார். எண்பது வயதில் யாருக்குப் பிறந்தேன் என்று நிரூபிக்க வேண்டுமா என்று ஆலைக்காரன் தழுதழுத்தான். அது நியாயம்தான் என்று சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் முனகினார்கள். என் அம்மாவின் மானம் போனதற்கு ஒருவரும் முனகவில்லை. இவன் எச்சிலுக்கு அத்தனை மானம்.

சாட்சி சொன்னவர்கள் ஒரு ஊர், எதிர்த்துச் சொன்னவள் ஒரு கிழவி. அதிகாரி சாதனத்தை நிறுத்திவிட்டு, என் முன்னால் வந்து மண்டியிட்டு, மன்னிச்சுக்கோங்கம்மா என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

வெளியே வந்ததும் கிதே என் செருப்பை எடுத்து நேராக்கி வைத்தான். அதை எட்டி உதைத்தேன். அவன் போய் எடுத்து வந்து மறுபடி வைத்தான்.

"அம்மா, மாமாவுக்குப் பிள்ளைங்க நாலு, பேரப்பிள்ளைங்க எத்தனை. எல்லாரும் பியோ. நாளைக்கு அவங்கள்லாம் யாரு? இருக்கறவங்க பொழைக்க வேண்டாமா?"

"செத்தவன்?"

"அவருக்குத்தான் கல்லறை கிடைக்குதே. கொடி போத்துறாங்க, துப்பாக்கி சுடுறாங்க. பேரு எதுவா இருந்தா என்னம்மா, எலும்பு அவரோடதுதானே."

நான் ஆலைக்காரனைப் பற்றித் திட்ட ஆரம்பித்தேன். கள் ஊற்றிக் கொடுத்த கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது, கடைசி நேரத்தில் இப்படிக் கதை கட்டிக் கழுத்தறுத்துவிட்டானே என்றேன்.

"மாமாவைத் திட்டாதே. அவர் சொல்லிடறேன்னுதான் இருந்தாரு. மூணு நாள் சாப்பிடல. நான்தான் வேண்டாம்னேன். இந்தக் கதையைச் சொல்லிக்குடுத்ததும் நான்தான்."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊர் செய்தது தெரிந்ததுதான். அது எங்களுக்கு என்றைக்குமே செய்து வந்ததுதான். ஆலைக்காரன் கோழை, அதுவும் தெரிந்ததுதான். இவன் என் வயிற்றில் பிறந்தவன். நான் பாலூட்டி, சோறூட்டி, இவன் மாமன் யார், எப்படிச் செத்தான் என்று பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லி வளர்த்தவன். அந்த விஷயத்தையே எடுத்துத் திருப்பி, எங்கே ஓட்டை அடைக்கவேண்டுமோ அங்கே அடைத்திருக்கிறான். என் அம்மா பிள்ளையை விற்றவளாடா என்று கேட்டேன். பாட்டிக்கு இப்போது என்னம்மா தெரியப்போகிறது என்றான். கையைக் கொடுத்தான் எழுந்திருக்க. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

அதற்குப் பிறகு நான் அம்மா மேட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஜூன் ஆறாம் தேதி வீட்டிலேயே இரும்மா என்று மருமகளை விட்டுச் சொல்லி அனுப்பினான். வெயில் ஆகாதாம் எனக்கு. தைத்து வைத்திருந்த வெள்ளைத் துணியை உடுத்திக்கொண்டு போனேன். மைதானத்தில் பந்தல் போட்டு, பெரிய மனிதர்களுக்கு வெள்ளை உறை போட்ட நாற்காலிகள், எங்களுக்கு மடக்கு நாற்காலிகள். ஆலைக்காரன் வெள்ளை உறை நாற்காலியில் இருந்தான். வீரனுடைய கூடப்பிறந்த தம்பி அல்லவா இப்போது. சட்டையில் செவ்வந்திப் பூ குத்தியிருந்தார்கள். அவன் பக்கத்தில் கிதே. எனக்கும் அந்த வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் கடைசியில் போய் நின்றுகொண்டேன்.

சிப்பாய்கள் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். சின்னப் பெட்டி. வெள்ளைத் துணியால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, கொடி போர்த்தி, ஒரு பையன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்து நடந்து வந்தான். அண்ணன் வயதுதான் இருக்கும் அவனுக்கு. குழந்தையைத் தூக்குகிற மாதிரி பதமாகத் தூக்கி வந்தான். அந்தப் பையனைப் பார்த்ததும் இத்தனை நாள் வராத அழுகை வந்துவிட்டது எனக்கு.

சங்கு ஊதியது. எல்லாரும் தலை குனிந்தார்கள். அது ஓய்ந்ததும் ஒலிபெருக்கியில் அதிகாரி நாமின் குரல் கேட்டது.

"மா கியூசிக்."

பெட்டி அப்படியே இருந்தது. அந்தப் பெயரைக் கேட்டு உள்ளே இருப்பவன் என்ன நினைப்பான், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றுதானே நினைப்பான். மறுபடியும் மலையில் நிற்கவைக்கப் பார்க்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இறங்கிவர எனக்கு ஏணி எதுவும் இல்லை, காலைப் பிடித்துக் கதற யாருடைய அம்மாவும் உயிரோடு இல்லை. போகிறவன் போகட்டும். வடக்கே திரும்பி நின்று, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன்.

"பியோ டோங்வான், திரும்பி வா."

வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. கிதே நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தான். நான் மறுபடி கூப்பிட்டேன். அவன் என் தோளைப் பிடித்து அமுக்கினான். எழுபது வயதுக் கிழவியிடம் அத்தனை பலம் இருக்கும் என்று அவன் நினைத்திருக்கமாட்டான். அவன் கையை உதறிவிட்டு மூன்றாவது தரமும் கூப்பிட்டேன். தொண்டை கிழிந்துவிட்டது.

"பியோ டோங்வான்!"

முன்வரிசையில், வெள்ளை உறை போட்ட நாற்காலியில், ஆலைக்காரன் திடுக்கிட்டு எழுந்தான். இரண்டு கையையும் நாற்காலியில் ஊன்றி எழுந்து, கூட்டத்தில் என்னைத் தேடினான்.

"இங்கதான் இருக்கேன், தங்கச்சி."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்தும் சொல்லவில்லை. ஐம்பத்தேழு வருஷமாக அந்தப் பெயரை யார் கூப்பிட்டாலும் எழுந்து வந்தவன் அவன்தான்; இப்போதும் எழுந்து வந்துவிட்டான். யார் கூப்பிட்டது, எதற்குக் கூப்பிட்டது என்று அதற்குப் பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். பெட்டி வைத்திருந்த பையனுக்கு ஒன்றும் புரியவில்லை, உத்தரவு வந்ததும் திரும்பி, அதே பதமான நடையில் வண்டியை நோக்கிப் போனான்.

நான் கூப்பிட்டுவிட்டேன் அம்மா. நாலு பேர் கேட்கத்தான் கூப்பிட்டேன். வந்தது அவன்.